அரிக்கமேட்டுப் பண்டசாலை

தமிழகத்துப் பழந்துறைகளைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் அரிக்கமேட்டைக் குறிப்பிடுவர். அரிக்கமேட்டைக் குறிப்பிடுவோர் எல்லாரும் ஆங்கு அகழ்ந்து காணப்பட்ட 150 அடி நீளமுள்ள செங்கற் கட்டடத்தையும், அதனை 'உரோமர் பண்டசாலை' என்னும் பெயரையும் தவறாது கூறுவர். பள்ளிப் பாடநூல் முதல் ஆய்வேடு வரை இத்தொடர் ஒரு வாய்பாடு போல வழங்கி வருகின்றது. இத்தொடரில் இரு கூற்றுகள் அடங்கியுள்ளன. அக்கட்டடம் பண்டசாலை என்பது ஒன்று. அஃது உரோமருடையது என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் சான்று ஒரு தன்மையதன்று. முன்னதற்கு ஓரளவு சான்று உண்டு. பின்னதற்கு இல்லை என்பது எம் கருத்து. அக்கருத்தை நிறுவுதற்கும், பண்டம் காத்துவைக்கும் இடங்களைப் பற்றிச் சங்க நூல்கள் கூறுவனவற்றை அக்கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குமே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதற்கண் ஆற்றைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். செஞ்சி மலைப் பகுதியில் தோன்றும் ஆறு செஞ்சியாறு, சங்கராபரணி, வராகநதி எனப் பல பெயர்களால் வழங்குகின்றது. அது திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட நிலத்தினூடே தென்கிழக்காக ஓடி, கல்மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரையைக் கடந்து, புதுவைப் பகுதியுட் புகுகின்றது. கடலை அணுகுமிடத்தில் அது கிளைகளாகப் பிரிய, அவற்றுள் ஒன்று அரியாங்குப்பத்தாறு என்னும் பெயரோடு கடலிற் கலக்கின்றது. அக்கிளையாற்றின் கரையில், புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், வீராம்பட்டினத்தை ஒட்டி உள்ளது அரிக்கமேடு. மழைக்காலத்தன்றி மேலைப்பகுதியில் மணற்பரப்பாகவே காணப்படும் இவ்வாறு, முகத்துவாரத்தருகே கடல்நீர் ஏறி நின்று, காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கிய காயலாக அமைகின்றது. இயற்கைத் துறைமுகங்கள் அரியவாகிய சோழமண்டலக் கடற்கரையில் கலங்கள் ஒதுங்குதற்கு இத்தகைய ஆற்றுவாய்களே இடமாயின. புகாரும் அவ்வாறே அமைந்ததாகும்.

இவ்வாறு பாயும் நிலத்தின் வடபகுதி சங்க காலத்தில் ஓய்மாநாடு எனப்பட்டது. இந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனை இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையிற் பாடினார். பாணர் செல்லும் வழியில் எயிற்பட்டினமும், வேலூரும், ஆமூரும் வைக்கப்பட்டு, இறுதியிற் கிடங்கில் கூறப்படுகின்றது. கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்த கிடங்கலே என்பதும், எயிற்பட்டினம் மரக்காணமே என்பதும் அறிஞர் பெரும்பாலார் கொண்ட முடிபு. கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரைக் கடற்பயணம்' என்னும் நூல் சோழ மண்டலக் கரையின் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்றனை வரிசைப்படுத்துகின்றது. சோ என்பதும் எயில் என்பதும் மதிலைக் குறிக்கும் ஒருபொருட் சொற்களாதலின் சோபட்மா சோப்பட்டினம் ஆகும் என்றும், அஃது எயிற்பட்டினமே என்றும் கூறுவர். இப்பொருத்தம் சொல்லளவிலும் இடவரிசையளவிலும் ஏற்புடையதாகவே தோன்றுகின்றது. இடையிலுள்ள பொதுகே அரிக்கமேடு என்பது பெரும்பாலார் ஒப்பிய முடிபு. தாலமி இதனை வணிகப் பேரூர் என்று குறிக்கின்றார்.

சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்து நுளைச்சியரை ஓர் அரிய காட்சியில் வைத்துக் காட்டுகின்றது. அலைகள் கொணர்ந்து கரையிற் போட்ட மணமுள்ள அகிற்கட்டைகள் உறங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றனவாம். நுளைச்சி அவற்றை விறகாக எரித்துக் கள் காய்ச்சுகின்றாள். ஒட்டகம் தமிழகத்திற்கு உரிய விலங்கன்று. அகில் இக்கரையில் விளைவதன்று. உடைந்த கலத்தினின்றோ கரைக்கு வாராத சரக்கினின்றோ வந்த பண்டம் அடுப்பெரிக்கும் விறகாயிற்று. பண்டம் மிகுந்த ஊரையே புலவர் இவ்வாறு பாட இயலும். இதே நூல் உமணரின் வண்டி வரிசையோடு வந்த மந்தி அவர்தம் பிள்ளையோடு கிலுகிலி ஆடுவதையும் கூறுகின்றது. கடற்கரைக்கும் உள்நாட்டிற்கும் இடையே ஓயாது சென்ற வண்டிகளின் ஒலி ஓய்மாநாட்டுப் பாட்டிற் கேட்கின்றது என்பதை வரலாற்றாசிரியர் கருதுதல் தகும்.

இனி மேட்டைப் பற்றிய செய்திக்கு வருவோம். வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடக்கும் காட்சியைக் கண்டறிதற்பொருட்டு இந்தியா வந்து, 1769இல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தி, வீராம்பட்டினத்தருகே பழஞ்சுவர்கள் காணப்படுவதை எழுதிவைத்தார். அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அவ்விடம் ஆராய்ச்சியாளர் கண்ணிற் படவில்லை. 1937இல், பல்லவர் வரலாற்றாராய்ச்சியாற் புகழ்பெற்ற ழூவோ துப்ரேய், தலையுருவம் செதுக்கிய மணிக்கல் ஒன்றைப் பெற்று, அஃது அகஸ்டஸ் பேரரசனின் உருவம் எனக் கருதினார். 1940களின் தொடக்கத்திற் பிரெஞ்சு அதிகாரிகள் மேட்டைத் தோண்டினர். அத்தோண்டல் முறையான அகழாய்வன்று. கிடைத்த பொருள்கள் புதுவைக்கும் சென்னைக்கும் அனோய்க்குமாகச் சிதறின.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் உரோம மதுச்சாடியின் உடைந்த பகுதியைக் கண்டு வியந்து, புதுச்சேரிக்கு விரைந்தார். ஆங்கு இத்தாலி நாட்டு அரெசோ நகரத்துச் செந்நிற மட்கலங்களின் ஓடுகளைக் கண்டார். அவ்வோடுகளின் காலம் ஐரோப்பாவில் ஐயமின்றி வரையறுக்கப்பட்டிருந்தது. தென்னாட்டுத் தொல்பொருள்களுக்குக் காலம் கணிக்கப் பற்றுக்கோடு ஒன்றும் இல்லாதிருந்த நிலையில், அவ்வோடே ஒரு நாட்காட்டியாக அவருக்குப் பயன்பட்டது. 1945இல் அவர் அகழ்ந்தார். அடுத்த ஆண்டே கோஷ், கிருஷ்ண தேவ் ஆகியோருடன் அறிக்கையை வெளியிட்டார். 'கீழைக் கரையில் ஓர் இந்திய உரோம வணிக நிலையம்' என்னும் பொருள்படும் அதன் தலைப்பே, பின்னர் வந்த எழுத்துகளுக்கெல்லாம் வழிகாட்டியாயிற்று.

அவ்வறிக்கையிலேதான் நாம் ஆராயும் கட்டடம் இடம்பெறுகின்றது. வீலர் அகழ்ந்த இடங்கள் வடபகுதி, தென்பகுதி என இரண்டு. தென்பகுதியில் மதில்சூழ்ந்த முற்றங்களும், செங்கல்லாற் கட்டிய தொட்டிகளும், அவற்றிற்கு நீர் வரவும் போகவும் அமைத்த கால்வாய்களும் வெளிப்பட்டன. அவை மெல்லிய துகிலுக்குச் சாயமிடும் தொட்டிகளாகலாம் என அவர் கருதினார். ஆற்றையும் கடலையும் அணுகியுள்ள வடபகுதியில் 150 அடி, அஃதாவது ஏறத்தாழ 45 மீட்டர், நீளமுள்ள கட்டடத்தின் அடித்தளம் கிடைத்தது. அதன் காலம் கி. பி. 50ஐ ஒட்டியது என்பது அவர் கணிப்பு. அது பண்டசாலையாகலாம் என்று அவர் கருதினார். அக்கருத்தைத் தாங்குவன அதன் நீளம், நீரை அடுத்த இருப்பு, அணிநலம் ஒன்றும் இல்லாத எளிய அமைப்பு ஆகியன. 'பண்டசாலை' என்று ஆங்கு எழுதி வைத்தார் எவருமிலர். அதனுள் மூடைகள் அடுக்கியபடி கிடைக்கவும் இல்லை. பிற்காலத்தவர் 'ஆகலாம்' என்பதை 'ஆகும்' என்று மாற்றிக்கொண்டனர்.

அன்றியும், எஞ்சியவை அடித்தளங்களே என்பதையும் நினைதல் வேண்டும். இம்மேட்டின் செங்கற்கள் பல தலைமுறைகளாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு வேறு கட்டடங்களுக்குச் சென்றன. சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. செங்கல்லைத் தோண்டி எடுத்த பள்ளமும் அதில் நிரம்பிய மண்ணுமே இருந்தன. அப்பள்ளத்தின் போக்கைக் கொண்டு சுவரின் போக்கை வரைந்துகொள்வது வீலரின் கைவந்த கலை. ஆயினும் அவ்வாறு வரைந்த படத்தைக் கொண்டு கூரை எத்தகையது, கதவு எங்கிருந்தது, மாடம் உண்டா என்றெல்லாம் உரைப்பது இயலாது.

ஈண்டு இலக்கியத்தின் துணையை நாடுவோம். பண்டங்களைக் காத்துவைக்கும் முறை பற்றிப் பழந்தமிழ் நூல்கள் ஒரே வகையாகப் பேசவில்லை என்பதை முதலிற் கூறிவிடுதல் நன்று. பட்டினப்பாலை காட்டும் புகார்த்துறையில், நீரிலிருந்து நிலத்திற்கும் நிலத்திலிருந்து நீருக்கும் செல்லும் பண்டங்கள் அளவிடப்பெற்று, சோழரின் புலிப்பொறி இடப்பெற்று, முன்றிலில் மலைபோற் குவிக்கப்படுகின்றன. அம்மூடைக் குவியலின் மேல் நாய்களும் ஆட்டுக் கிடாய்களும் ஏறிக் குதிப்பது மலைச்சாரலில் வருடைகள் தாவுவதை ஒக்கும் என்பது புலவரின் உவமை. இக்காட்சியில் கூரை இல்லை; வெட்டவெளி முற்றமே உள்ளது. காவலும் மதிலினால் அமைவதன்று. அரசனின் முத்திரையாலும் உல்கு கொள்வாரின் விழிப்பாலும் அமைவது.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை கூறும் வெள்ளிடை மன்றம் இதனினும் ஒருபடி மேலே செல்கின்றது. ஆங்குப் பண்டப்பொதிகளில் உரியவர் பெயரும் எண்ணும் எழுத்தாற் பொறிக்கப்பட்டுள்ளன, வாயிலும் இல்லை, காவலும் இல்லை, கவர்ந்தவன் கழுத்து நோவப் பொதியைச் சுமந்து திரிவான் என்னும் அச்சமே காவல். இது புலவரின் புனைந்துரை என்று தள்ளுவார் தள்ளுக. பொதியின்மேற் பெயரெழுதும் வழக்கத்தைப் புனைய வேண்டிய தேவை புலவருக்கு இல்லை.

பெரும்பாணாற்றுப்படையின் நீர்ப்பெயற்றுக் காட்சி வேறு. கலங்கள் வெண்குதிரைகளையும் வடநாட்டுப் பண்டங்களையும் கொணர்ந்து இறக்கும் அத்துறையில், பணியாளர் காத்து நிற்கும் வானளாவிய வரைப்புகள் கூறப்படுகின்றன. அவ்வரைப்புகளைப் பண்டசாலை எனக் கொள்ளும் உரை உண்டு. நீர்ப்பெயறு ஓய்மாநாட்டுக்கு வடக்கே, தொண்டை நாட்டுக் கரையில் உள்ளது என்பதையும், அக்கரையில் பாலாற்று முகத்துவாரத்தருகே வசவசமுத்திரத்தில் உரோம மதுச்சாடி ஓடுகளும் உறைகிணறுகளும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் அகழாய்வில் கிடைத்தன என்பதையும் இணைத்து நோக்கினால், மதில்சூழ்ந்த பண்டசாலை இக்கரைக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

முசிறியைப் பாடும் புறநானூற்றுப் பாட்டிலோ மிளகு மூடைகள் மனைகளிலேயே குவிக்கப்படுகின்றன. கலம் தந்த பொன் கழித்தோணியால் கரை சேர்கின்றது. அகநானூற்றுப் பாட்டொன்றில், வேளிரின் வீரை முன்றுறையில் குவித்த உப்புக் குவியல் பெருமழைக்கு உருகியதை மருதன் இளநாகனார் உவமையாக்குகின்றார். வீரை என்பது வீராம்பட்டினமே எனக் கருதுவாருமுளர். அப்பொருத்தத்தை முற்றும் நிறுவ இயலாதெனினும், அவ்வுவமையின் உட்பொருள் எமக்குப் பெரிதும் பயன்படுவது. கூரையில்லாப் பண்டத்திற்கு வடகிழக்குப் பருவமழை என்ன செய்யும் என்பதை இக்கரையில் வாழ்ந்தோர் நன்கறிந்திருந்தனர். உப்பு உருகினால் மீண்டும் விளைத்துக்கொள்ளலாம். துகிலும், மணப்பொருளும், அயல்நாட்டினின்று வந்த மதுவும் அத்தகையவல்ல.

ஆகவே முற்றம், மன்று, மதிலகம், மனை, வெளி எனப் பல நிலைகளில் பண்டம் இருந்தது. இவற்றுள் எது கட்டடமாகத் தேவைப்பட்டது என்பதை முடிவு செய்தது பண்டத்தின் தன்மையும் காத்திருக்கும் காலமுமே. இக்காத்திருக்கும் காலத்தைப் பற்றி நம் ஆய்வாளர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. எகிப்தினின்று புறப்பட்ட கலங்கள் தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைக்கொண்டு சேரநாட்டுக் கரையை அடைந்தன. மார்கழியை ஒட்டித் திரும்பின. கீழைக் கரைக்கு வரும் சரக்கு குமரியைச் சுற்றிச் சிறு கலங்களிலேனும், பாலைக்காட்டுக் கணவாய் வழியே பொதிமாட்டிலேனும் வரவேண்டும். எரித்திரைக் கடற்பயண நூல் இக்கரையோரமாகச் செல்லும் நாட்டுக் கலங்களையும், பெரிய மரங்களைப் பிணைத்த சங்கரம் என்னும் கலத்தையும், கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் கொலாந்தியம் என்னும் பெருங்கலத்தையும் கூறுகின்றது. வடக்கே கங்கைக்குச் செல்வதற்குரிய காற்று வேறு. தெற்கு நோக்கித் திரும்புவதற்குரிய காற்று வேறு. ஐப்பசி கார்த்திகைப் புயல்களில் எதுவும் செல்லாது. ஆகவே ஒரு கலம் இறக்கிய சரக்கை மற்றொரு கலம் ஏற்றும் வரை பல திங்கள் கழியும். அத்திங்கள்களுக்கு வீடு வேண்டும். மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் வழிகள் கூடும் இடத்தில், பருவமழை பொழியும் கரையில், 150 அடி நீளத்தில் அணியின்றி அமைந்த கட்டடத்தைப் பண்டசாலை என்று கொள்வது இக்காரணத்தால் பொருத்தமாகின்றது. வீலர் கூறிய காரணங்களினும் இக்காரணம் வலிதென்பது எம் துணிபு.

இனி 'உரோமர்' என்னும் அடைமொழி. வீலர் காலத்தில் இம்மேட்டின் வாழ்வு கி. மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிக் கி. பி. 200 அளவில் முடிந்ததாக எண்ணப்பட்டது. உரோம வணிகத்தோடு தோன்றி உரோம வணிகத்தோடு மறைந்த ஊர் என்றால், அதன் பெருங்கட்டடம் உரோமர் தொடர்புடையது என்று நினைப்பது இயல்பே. அக்காலவரையறை இன்று நிலைபெறவில்லை. வீலரை அடுத்து 1947 முதல் அகழ்ந்த காசால் என்னும் பிரெஞ்சு அறிஞர், அயல்நாட்டுக் கலங்கள் வருமுன்னரே ஆங்கு மக்கள் குடியிருந்ததைக் காட்டினார். இதே ஆற்றின் பகுதியிலுள்ள சுத்துக்கேணியில் அவர் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழிகளிற் பொன்னணிகளும் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் நடத்திய அகழாய்வு, ஊரின் தொடக்கத்தைக் கி. மு. 2ஆம் நூற்றாண்டிற்கேனும் முன்கொண்டு சென்றது. முடிவும் கி. பி. 200 அன்று, இடைக்காலத்திலும், சோழர் காலத்திலும் ஆங்கு வழக்கு இருந்ததற்குச் சீனக் கலங்களின் ஓடுகளும் சான்றாயின. சக்கரத்தால் கோடு பொறித்த மட்கலங்கள் மேலை நாட்டினின்று வந்தவை என வீலர் கருதினார். அவை இந்தியாவில் வனையப்பட்டவை என்பதை இன்று அறிஞர் ஒப்புக்கொள்கின்றனர். இவ்வாறு உரோமர்க்கு உரியவை எனப்பட்ட பொருள்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அடைமொழி மட்டும் குறையவில்லை.

செங்கல்லைக் கொண்டும் உரோமர் கைவண்ணம் என்று கூற இயலாது. பூம்புகாரைச் சார்ந்த கீழையூரில் 1960களில் அகழப்பட்ட செங்கற் படகுத்துறை அரிக்கமேட்டுக் கட்டடத்திற்கு மூத்தது. கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நிகழ்ந்த அகழாய்விலும் செங்கற் கட்டுமானமும், படகுத்துறையும், 6 மீட்டர் நீளமுள்ள ஒற்றைமரத் தோணியும் கிடைத்தன. நீரோரத்தில் செங்கல் அடுக்கும் தொழிலைத் தமிழர் யவனரிடம் கற்கவேண்டியிருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

எழுத்துச் சான்று இன்னும் தெளிவு தருவது. அரிக்கமேட்டில் இரு நாட்டு எழுத்துகள் கிடைத்துள்ளன. விபியே, கமுரி, இட்டா முதலிய இலத்தீன் முத்திரைகள் அரெசோக் கலங்களின் அடியிற் குயவர் இட்டவை. கலத்தோடு பிறந்து கலத்தோடு வந்தவை. பிராமி எழுத்திற் பொறித்த தமிழ், பிராகிருதப் பெயர்களோ, கலம் சுட்டபின் உடையவர் கீறியவை. ஊரில் வாழ்ந்தவர் கையெழுத்து. வெள்ளிடை மன்றத்துப் பொதிகளில் பெயர் எழுதிய வழக்கமும், அரிக்கமேட்டில் கலங்களில் பெயர் கீறிய வழக்கமும் ஒரே மனப்பான்மையின் இரு வெளிப்பாடுகள். தன் பொருளின்மேல் தன் பெயர் எழுதும் தேவை, பலர் பொருள் ஓரிடத்தில் இருக்கும்போதே எழுவது. பண்டசாலை என்னும் கருத்துக்கு இவ்வோடுகள் மறைமுகச் சான்றாதலை முன்னையோர் எடுத்துக் காட்டாதது வியப்பே.

இவ்வாறு கூறுவதால் யவனர் ஆங்கு இருந்திலர் என்பது எம் கருத்தன்று. நம்முள் சிலர் 'உரோமர்' என்னும் சொல்லை நீக்கியவுடன் யவனர் ஒருவரும் கரையிறங்கவில்லை என்று எழுதத் தலைப்படுகின்றனர். அது மறுதலைப் பிழை. யவனர் நல்ல கலத்திற் கொணர்ந்த தேறலை நன்மாறன் பருகுமாறு நக்கீரர் வாழ்த்துகின்றார். அத்தேறலின் சாடிகள் அரிக்கமேட்டில் ஏராளம். அவற்றை ஆராய்ந்த எலிசபெத் வில், கோஸ் முதலிய கிரேக்கத் தீவுகளின் மதுச்சாடிகளையும், எண்ணெயும் மீன்குழம்பும் வந்த சாடிகளையும் இனம் பிரித்துக் காட்டினார். மதுவைத் தமிழரும் வாங்கியிருத்தல் கூடும். ஒலிவ எண்ணெயும் மீன்குழம்பும் யவனர் நாவிற்கே உரியன. ஆகவே அவற்றை உண்பார் சிலரேனும் ஆங்குத் தங்கியிருந்தனர் எனல் பொருந்தும். தங்கியிருந்தவர் வேறு, பண்டசாலையின் உடைமையாளர் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே பிழைக்குக் காரணம்.

அக்காலத்து மேலைப் பண்டசாலை எவ்வாறு இயங்கியது என்பதற்கு வியன்னாவில் உள்ள பாப்பிரசு ஓலை ஒன்று நல்ல விளக்கம். கி. பி. 2ஆம் நூற்றாண்டினதாகிய அவ்வோலை 1985இல் வெளியிடப்பட்டது. அதன் ஒரு பக்கம் முசிறி வணிகத்திற்கான கடன் ஒப்பந்தத்தைச் சார்ந்தது. மறுபக்கம் எர்மபொல்லோன் என்னும் கலத்தில் வந்த கங்கை நாட்டுச் சடாமாஞ்சி, யானைத் தந்தம் முதலிய சரக்குகளின் மதிப்பைக் கூறுகின்றது. செங்கடற் கரையில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் ஏறி நைல் ஆற்றங்கரைக் கோப்தோசு நகரத்துப் பொதுப் பண்டசாலையை அடைய, ஆங்குக் கடன் கொடுத்தவரின் முத்திரையின்கீழ் வைக்கப்பட்டது. பின் ஆற்றுவழியே அலெக்சாந்திரியாப் பண்டசாலையை அடைந்து நான்கில் ஒரு பங்கு வரி செலுத்தியது. முத்திரையும் சுங்கமும் பண்டசாலையும் ஆறும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதைக் காண்க. பட்டினப்பாலை கூறும் புலிப்பொறியும் உல்கும் இதன் இக்கரை வடிவம். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தனர் என்பதினும், ஒரே தொழில் இரு கரைகளிலும் ஒரே ஒழுங்கை வேண்டிற்று என்பதே ஏற்றது. கங்கை நாட்டுச் சடாமாஞ்சி முசிறிக்குச் சென்ற வழியில், கீழைக் கரைத் துறை ஒன்றில் ஒரு பருவமேனும் தங்கியிருத்தல் வேண்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

சொல்லாராய்ச்சி பற்றி ஒரு குறிப்பு. திண்டிவனத்தருகே உள்ள கிடங்கிலின் பெயரைக் கொண்டு, நல்லியக்கோடனின் தலைநகரே பண்டகக் கிடங்கினாற் பெயர்பெற்றது என்று கூற விரும்புவார்க்கு எச்சரிக்கையாக இதனைக் கூறுகின்றோம். சங்க நூல்களில் கிடங்கு என்பது அகழியையே குறிக்கும். கோட்டையும் அகழியும் உடைய ஊர் கிடங்கில் ஆயிற்று. அகழ்ந்த பள்ளத்தைக் குறித்த சொல், பொருளைச் சேமிக்கும் குழியையும், பின்னர்ச் சேமிக்கும் மனையையும் குறிப்பதாக வளர்ந்திருத்தல் கூடும். அது பிற்கால வளர்ச்சி. மலாய் மொழியிற் குடங்கு என வழங்கி, ஆங்கிலேயர் வாயிற் கோடவுன் ஆகி, மீண்டும் தமிழ்நாட்டுக் கடைத்தெருவிற்குக் குடோனாகத் திரும்பிவந்த சொல் தெலுங்குக் கிடங்கியிலிருந்தோ தமிழ்க் கிடங்கிலிருந்தோ பிறந்தது என்பர் அகராதியார் சிலர். உண்மையாயின், பண்டத்தோடு பண்டம் வைக்கும் இடத்தின் பெயரும் கலமேறிச் சென்றதாகும். ஆயினும் சொல்லின் செலவைக் கொண்டு கட்டடத்தின் காலத்தைக் கணிப்பது முறையன்று.

மேட்டின் பெயர்க்கும் இவ்வாறே இருவகை விளக்கம் உண்டு. அருகன்மேடு என்பதன் மரூஉ என்பார் ஒரு சாரார். ஆறு அரிக்கும் மேடு என்பார் மற்றொரு சாரார். முன்னதற்கு இவ்வாற்றுவெளியில் சமணம் தழைத்திருந்தமை துணையாகின்றது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் கல்வெட்டும், நெகனூர்ப்பட்டியிற் பள்ளி செய்வித்ததைக் கூறும் கல்வெட்டும் உள்ளன. வணிகரும் சமணரும் ஒருவழிச் சென்றமை தமிழகத்துக் குகைக் கல்வெட்டுகளாற் பிற இடங்களிலும் அறியப்படுவதே.

பின்னையதற்குச் சான்று தேடவேண்டியதில்லை. ஆற்றங்கரையில் நின்று நோக்கினால் போதும். மேட்டின் விளிம்பு நீரால் அரிக்கப்பட்டுச் செங்குத்தாக நிற்கின்றது. அதன் பக்கத்தில் ஓடுகளும் செங்கற்றுண்டுகளும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. பண்டசாலைக்கு இடம் தந்த ஆறே பண்டசாலையின் எச்சத்தை உண்டு வருகின்றது. முதுகலை மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஒன்று கூற விரும்புகின்றோம். தோப்பினுள் உயர்ந்து நிற்கும் செங்கற் சுவர்களைக் கண்டவுடன், 'இதுவே அப்பண்டசாலை' என்று மாணவர் கூறுவர், படமும் எடுத்துக்கொள்வர். அச்சுவர்கள் 1770களில் அங்கு இயங்கிய பிரெஞ்சுக் கிறித்தவக் குருமடத்தின் எச்சங்கள். அக்குருமடத்தின் தலைவர், பின்னாளில் வியத்நாம் வரலாற்றில் இடம்பெற்ற பிஞ்ஞோ தெ பெயேன் ஆயர். வீலர் வரைந்த 150 அடிக் கட்டடத்தைக் காணவேண்டுவோர் அவர் அறிக்கையின் வரைபடத்தையே பார்த்தல் வேண்டும். தரையில் அதனைக் காட்டும் சுவர் ஒன்றும் இல்லை.